"அம்மாவிடம் சொல்லாதே"

பேஸ்லைன் வீதியும் அவிசாவளை வீதியும் வந்து கூடும் ஒருகொடவத்தையிலே, கொள்கலன் ஏற்றிய பாரவூர்திகள் இரவு பகல் பாராது ஓடிக்கொண்டிருக்கும். அவ்வீதியைக் கடக்கையில் ஆறு வயதுப் பிள்ளையின் கையை விடும் தாய்மாரை நான் கண்டதில்லை. அதே தாய்மார், சமையல் முடியும்வரை பிள்ளை அழாதிருக்கட்டுமென்று கைத்தொலைபேசியைக் கொடுத்துவிடுகிறார்கள். அதுவும் ஒரு பெருந்தெருவே என்பதைப் பண்டிதன் எனப் பெயர் படைத்த நானே நெடுநாள் உணரவில்லை.

என்னிடம் பயின்ற நான்காந் தரத்து மாணவி ஒருத்தி, ஒருநாள் இடைவேளையில் அருகே வந்து, "சேர், விளையாட்டில் வரும் ஓர் அண்ணா எனக்கு வைரம் அனுப்பினார்" என்றாள். கைத்தொலைபேசி விளையாட்டில் வழங்கும் அந்த வைரத்தையும் அறியேன்; அந்த அண்ணாவையும் அறியேன். "படிக்கிற வயதில் தொலைபேசி எதற்கு?" என்று கடிந்தேன். பிள்ளை தலைகுனிந்து போனாள்.

பத்து நாள் கழித்து அவளுடைய தாயார் தொலைபேசியும் கையுமாக நடுங்கிக்கொண்டு வந்தார். அந்த அண்ணா முதலிற் பாராட்டியிருந்தான். பின்பு பள்ளியின் பெயரைக் கேட்டறிந்தான். அதன்பின் சீருடையோடு ஒரு படம் வேண்டினான். ஈற்றில், "அம்மாவிடம் சொல்லாதே, ஏசுவார்" என்று எழுதியிருந்தான். படம் போகுமுன் தாயார் கண்டது தெய்வாதீனம்.

"ஏன் மகள், ஒருவரிடமும் சொல்லவில்லை?" என்று கேட்டேன்.

"உங்களிடம் சொன்னேனே சேர், நீங்கள் ஏசினீர்கள்" என்றாள்.

அந்த அந்நியனின் சொல்லை மெய்யாக்கிக் கொடுத்தவன் நானே! நல்லாசிரியனுக்கு நிலத்தை உவமை கூறிய நன்னூலை ஆண்டுதோறும் பாடஞ் சொல்லியும், நிலத்தின் பொறுமையை நான் கற்கவில்லை.

2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கொவிட் நோயினாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது தொலைபேசியே வகுப்பறையாயிற்று. வட்ஸ்அப்பிற் பாடம் அனுப்பியவர்களுள் நானும் ஒருவன். பள்ளிகள் திறந்தன, தொலைபேசியோ பிள்ளைகளின் கையிலேயே தங்கிவிட்டது. வட்ஸ்அப், முகநூல், டிக்டொக் ஆகியவற்றிற் கணக்குத் தொடங்க 13 வயது நிரம்பவேண்டும் என்பது அந்நிறுவனங்களின் விதி. அமெரிக்கா 1998இல் இயற்றிய சட்டமொன்றை ஒட்டிப் பரவிய எல்லை அது. அவுஸ்திரேலியாவோ 2025 டிசெம்பர் 10 முதல், பெரிய சமூக ஊடகங்களில் 16 வயதுக்குட்பட்டோர் கணக்கு வைத்திருக்கலாகாதென விதித்தது. ஆயினும், தாயின் தொலைபேசியில் தாயின் பெயரால் விளையாடும் பிள்ளைக்கு எந்த வயதெல்லை வேலியாகும்?

வேலியைப் பிரிப்பவர்களுள் நாமும் உளோம். புலமைப்பரிசிற் பரீட்சையிற் பிள்ளை சித்தியெய்தியதும் பெயர், பள்ளி, புள்ளி, சீருடைப் படம் அனைத்தையும் முகநூலில் இடுகிறோம். பிள்ளையிடம் அந்நியன் கேட்பவற்றைக் கேளாமலே ஊரறியக் கொடுத்துவிடுகிறோம்.

ஆதலின் பெற்றோர்க்குச் சில கூறுவேன். தொலைபேசி பலர் நடமாடும் கூடத்தில் இருக்கட்டும், படுக்கையறைக்குச் செல்லவேண்டாம். பிள்ளை ஆடும் விளையாட்டை ஒருநாளாவது அருகிருந்து பாருங்கள். அதிற் பிறரோடு உரையாடும் வழி உண்டாயின் மூடிவிடுங்கள். பெயர், பள்ளி, முகவரி, படம் ஆகிய நான்கையும் கேட்பவர் எவராயினும் உங்களிடம் வந்து சொல்லப் பழக்குங்கள். "அம்மாவிடம் சொல்லாதே" என்று ஒருவர் கூறின், அதையே முதலிற் சொல்லவேண்டும் என்று கற்பியுங்கள்.

தீங்கு நேர்ந்ததாயின் செய்திகளை அழித்துவிடாதீர்கள், அவையே சான்று. அந்நியனைத் தடைசெய்து, 1929 என்னும் இலக்கத்தை அழையுங்கள். 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் கட்டணமற்ற இலக்கம் அது. எல்லாவற்றுக்கும் மேலாக, சொல்ல வந்த பிள்ளையை ஏசாதீர்கள்; தொலைபேசியையும் பறிக்காதீர்கள். பறிப்பீர்களென்று அஞ்சும் பிள்ளை அடுத்த முறை வாய்திறவாது.

அந்த மாணவி இப்பொழுது ஐந்தாந் தரத்தில் இருக்கிறாள். சென்ற வாரம் மேசையருகே வந்து, "சேர், ஒன்று சொல்லவேண்டும்" என்றாள். திருத்திக்கொண்டிருந்த விடைத்தாள்களை மூடி வைத்துவிட்டு, "சொல்லு பிள்ளை" என்றேன்.