சான்பாடாவில் வீடு தேடுகிறீர்களா?

செம்பூரை விட்டு, வாசி தாண்டிச் சான்பாடாவில் குடியேற நினைக்கும் நம்மவர்கள் இப்போது முதலில் தேடுவது தரகரை அல்ல, செல்போனை. மேஜிக்பிரிக்ஸ், 99ஏக்கர்ஸ், நோபுரோக்கர் என்று ஒரே வீடு மூன்று இடத்தில் மூன்று வாடகைக்கு நிற்கும்! ஒரு நோட்டுப் போட்டு செக்டர், கட்டடம், மாடி, கார்பெட் பரப்பு, டெபாசிட் எல்லாம் குறித்து வாருங்கள். இரட்டைகள் தாமே வெளிப்படும். "ஸ்டேஷனுக்கு ஐந்து நிமிடம்" என்பதை நடந்து பார்த்தே நம்புங்கள். தண்ணீர் வரும் நேரத்தைப் பக்கத்து வீட்டில்தான் கேட்க வேண்டும். வீட்டைக் காட்டுமுன் பணம் கேட்பவரிடம் பேச்சே வேண்டாம்.

11 மாத ஒப்பந்தம்தானே என்று அலட்சியம் கூடாது. மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1999-ன்படி அதை எழுதிப் பதிவு செய்தாக வேண்டும், பொறுப்பு வீட்டுக்காரருடையது. பதியாமல் தகராறு வந்தால், மறுத்து நிரூபிக்கப்படும்வரை குடியிருப்பவர் சொல்லும் நிபந்தனையே செல்லும்.