இரத்தம் எடுக்கச் சொல்லும் குளிசை

"அடுத்த வீட்டார் என்னைப் பற்றியே பேசுகிறார்கள், சோற்றில் ஏதோ கலந்திருக்கிறார்கள்" என்று பிள்ளை சொல்லத் தொடங்கினால் நம்மில் பலர் முதலில் ஓடுவது ஓதிப் பார்க்கத்தான். ஓதுவதை எந்த வைத்தியரும் தடுப்பதில்லை, சகோதரிகளே. அதைச் சாட்டி ஆஸ்பத்திரிக்குப் போவதை மாதக்கணக்கில் தள்ளிப்போடுவதே பிள்ளைக்குக் கேடு.

மூளையில் டோபமைன் என்றோர் இரசாயனம் உண்டு. "இது முக்கியம், கவனி" என்று உணர்த்துவது அதன் வேலைகளில் ஒன்று. மனச்சிதைவு நோயில் அது மிகும்போது தெருவில் யாரோ செருமுவதும் தன்னைக் குறித்ததாகவே தோன்றும். 1950களில் வந்த மருந்துகள் டோபமைன் போய்ச் சேரும் வாசலை இறுக அடைத்தன. குரல்கள் அடங்கின, கூடவே கைகால்கள் விறைத்து நடுங்கின.

க்ளோஸபைன் அந்த வாசலில் தளர்வாகவே ஒட்டுகிறது. செரொட்டோனின் என்ற மற்றோர் இரசாயனத்தின் வாசலையும் சேர்த்து அடைக்கிறது. ஆகவே விறைப்பு மிகக் குறைவு. வேறு இரு மருந்துகளுக்குக் கேட்காத நோய்க்கே இதைக் கொடுப்பார்கள். காரணம், 1975இல் பின்லாந்தில் இதை உட்கொண்ட சிலருக்கு வெள்ளையணுக்கள் குறைந்து, 8 பேர் இறந்தனர். பல நாடுகள் இதை ஒதுக்கின. மற்ற மருந்துகள் கைவிட்டவர்களுக்கும் இது பலனளிப்பதை 1988இல் அமெரிக்க ஆய்வொன்று காட்டிய பிறகே, இரத்தப் பரிசோதனை என்ற நிபந்தனையோடு 1990இல் அங்கு விற்பனைக்கு வந்தது. ஆரம்ப மாதங்களில் வாரந்தோறும் இரத்தம் எடுப்பது இதனால்தான். "பிள்ளையின் இரத்தத்தையெல்லாம் உறிஞ்சுகிறார்கள்" என்று கோபிக்க வேண்டாம்!

காய்ச்சலோ தொண்டை நோவோ வந்தால் பனடோலோடு நிற்காமல் அன்றே வைத்தியரிடம் காட்டுங்கள். மலச்சிக்கலையும் சிறிதாக எண்ணாதீர்கள். இம்மருந்தில் அது உயிராபத்து வரை போகக்கூடும். தலையணை நனைய எச்சில் ஊறும், பசி கூடும், உடல் பருக்கும், சீனி வருத்தமும் வரலாம். சீனித் தேநீரையும் பொரியலையும் குறைப்பது உம்மாவின் கையில்தான் இருக்கிறது.

"சுகமாகிவிட்டதே" என்று குளிசையை நிறுத்துவதுதான் பல வீடுகளில் நடக்கிறது. இரண்டு நாளுக்கு மேல் தவறினால் பழைய அளவை அப்படியே கொடுக்கக்கூடாது. வைத்தியர் மிகச் சிறிய அளவிலிருந்து மீண்டும் ஏற்றுவார். நோன்பு பிடிப்பதானால் நேரத்தையும் அளவையும் றமழானுக்கு முன்பே அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சிகரெட் குடிக்கும் மகன் அதை ஒரேயடியாக விட்டாலும் சொல்லிவிடுங்கள். புகை நின்றதும் அதே குளிசை இரத்தத்தில் கூடுதலாகச் சேரும்.