கத்தரியும் வேண்டாம், பசையும் வேண்டாம்: காகிதத்தில் செஞ்சி மலை!

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி. முக்கோணமாக நிற்கும் செஞ்சிக் கோட்டையின் இந்த மூன்று மலைகளையும் சின்னஞ்சிறுசுகள் காகிதத்திலேயே எழுப்பி விடலாம்!

சதுரக் காகிதத்தின் எதிரெதிர் மூலைகளைச் சேர்த்து மடித்தால் முக்கோணம். அதையே பாதியாக மடித்து, லேசாக விரித்து நிறுத்தினால் மலை ரெடி! மூன்று செய்தால் கோட்டை.

"வெறும் விளையாட்டுதானே?" என்று பெற்றோர் நினைக்க வேண்டாம். மடித்த முக்கோணத்தின் உச்சியில் 90 டிகிரி; அடியில் இரு பக்கமும் 45. காம்பஸ் இல்லாமலே கணக்கு வந்துவிட்டது! காகித மடிப்பில் ஜியோமிதி சொல்லித்தர சுந்தரராவ் என்பவர் 1893-லேயே சென்னையில் ஆங்கிலப் புத்தகம் வெளியிட்டார். 1901-ல் அது அமெரிக்காவின் சிகாகோவிலும் அச்சானது.

கணக்கு என்றாலே ஓடி ஒளியும் பையனிடம் ஒரு காகிதத்தைக் கொடுத்துப் பாருங்க. தானா வந்து உட்காருவான்!