லிப்ரே ஆபிஸ் மக்கர் பண்ணுதா? அன்இன்ஸ்டால் பண்ணாதீங்க

இந்த எபிசோடில் லிப்ரே ஆபிஸ் பத்திப் பேசலாம். 2010-ல் ஓப்பன் ஆபிஸிலிருந்து பிரிந்து வந்த இலவச மென்பொருள். இது திறக்காம அடம்பிடிச்சா, நம்மில் பலரும் முதல்ல அன்இன்ஸ்டால் பண்ணி, மறுபடி டவுன்லோட் பண்ணி, மறுபடி போடுவோம். பல நேரம் பிரச்சினை அப்படியே இருக்கும்.

காரணம் இதுதான். நீங்க மாத்தின செட்டிங்ஸ், சேர்த்த எக்ஸ்டென்ஷன் எல்லாம் 'யூசர் ப்ரொஃபைல்' என்ற தனி ஃபோல்டரில் இருக்கு. அன்இன்ஸ்டால் பண்ணினாலும் அந்த ஃபோல்டர் பொதுவா அழியாது. கெட்டுப்போனது அதுதான்னா, புதுசா போட்ட மென்பொருளும் அதையேதான் படிக்கும். வீடு மாறும்போது மூட்டைப்பூச்சி இருக்கிற மெத்தையையும் கூடவே தூக்கிட்டுப் போற மாதிரி.

அதனால முதல்ல சேஃப் மோட் போங்க. ஹெல்ப் மெனுவில் 'ரீஸ்டார்ட் இன் சேஃப் மோட்' இருக்கும். மென்பொருளே திறக்கலைன்னா, விண்டோஸ் ஸ்டார்ட் மெனுவில் சேஃப் மோட் ஷார்ட்கட்டைத் தேடுங்க. இது தற்காலிகமா ஒரு புது ப்ரொஃபைலை வச்சு ஓடும். இதில் ஒழுங்கா வேலை செய்தா, கோளாறு உங்க ப்ரொஃபைலில்தான். உடனே எல்லாத்தையும் ரீசெட் பண்ணிடாதீங்க. அதே திரையில் எக்ஸ்டென்ஷன்களை நிறுத்திப் பாருங்க. அடுத்து ஹார்டுவேர் ஆக்ஸிலரேஷனை நிறுத்திப் பாருங்க. ரீசெட் கடைசி வழி. ரீசெட் பண்ணினா உங்க செட்டிங்ஸ் போகும். நீங்க வேற ஃபோல்டரில் சேமிச்ச ரிப்போர்ட், ரெஸ்யூமே எதுவும் போகாது.

இன்னொரு தொல்லை: ஃபைல் திறக்குது, ஆனா வேற யாரோ பயன்படுத்துறாங்கன்னு சொல்லி எடிட் பண்ண விடாது. முன்னாடி கிராஷ் ஆனப்போ ஒரு 'லாக்' ஃபைல் மிஞ்சியிருக்கும். அது உங்க ஃபைல் இருக்கிற ஃபோல்டரிலேயே மறைஞ்சிருக்கும். பெயர் புள்ளியில் ஆரம்பிச்சு 'லாக்'னு வரும். வேற யாரும் அந்த ஃபைலைத் திறக்கலைன்னு உறுதி பண்ணிட்டு, லிப்ரே ஆபிஸை மூடி, அதை மட்டும் அழிங்க.

மூணாவது, நண்பர் அனுப்பின வேர்டு ஃபைலில் பக்கங்கள் கலைஞ்சு போறது. அவர் பயன்படுத்தின ஃபான்ட் உங்க கணினியில் இல்லைன்னா, வேறொரு ஃபான்ட் அந்த இடத்துக்கு வரும். எழுத்தோட அகலம் மாறினா வரி மாறும், பக்கம் மாறும். கலிப்ரிக்குப் பதிலா கார்லிட்டோ, கேம்ப்ரியாவுக்குப் பதிலா கலேடியா வச்சுக்கலாம். அகலம் ஒரே அளவு. தமிழ் எழுத்துக்கு 'சிடிஎல்' ஃபான்ட்னு தனி அமைப்பு இருக்கு. கேரக்டர் செட்டிங்கில் ஆங்கில ஃபான்ட்டை மட்டும் மாத்தினா தமிழ் மாறாது.

எதைத் தொடுறதுக்கு முன்னாலும் ஃபைலை இன்னொரு இடத்தில் காப்பி பண்ணி வைங்க. எடிட் பண்ற வரைக்கும் ஓடிடி வடிவத்தில் வைங்க, கேட்டால் மட்டும் வேர்டு வடிவத்தில் ஒரு பிரதி எடுத்துக் கொடுங்க. கல்லூரிக்கோ வேலைக்கோ அனுப்புறதுன்னா, பிடிஎஃப்பும் சேர்த்து அனுப்புங்க. அங்கே எந்த ஃபான்ட் இருக்கோ இல்லையோ, பக்கம் கலையாது.