மீனின் ஈரலுக்கு டொனிக் போதுமா?

சிறுவயதில் உம்மா மூக்கைப் பிடித்துக் குடிக்கவைத்த மீன் எண்ணெயை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். அது கொட் எனும் கடல் மீனின் ஈரலிலிருந்து எடுக்கப்படுவது. கொட் தனது கொழுப்பை ஈரலில் சேமிப்பது அதன் இயல்பு. ஆனால் நமது தொட்டிகளில் வளரும் திலாப்பியாவின் ஈரலில் கொழுப்பு மிதமிஞ்சினால் அது நோய்.

அண்மையில் ஊரில் மீன் வளர்க்கும் காக்கா ஒருவர் என்னை அழைத்தார். "தம்பி, ஈரல் டொனிக் கலந்து குடுத்தும் மீன் சாகுது" என்றார். இறந்த மீனொன்றை வெட்டிப் பார்த்தோம். செங்கபில நிறத்தில் இருக்க வேண்டிய ஈரல் வெளிறி, மஞ்சளாக, எண்ணெய்ப் பிசுக்குடன் இருந்தது. தீவனத்தைக் காட்டச் சொன்னேன். சீமெந்துத் தரையில் அடுக்கியிருந்த மூடைகளின் அடியில் ஈரம். திறந்தால் பழைய எண்ணெய் வாடை. உள்ளே கட்டி கட்டியாகப் பூஞ்சணம்.

டொனிக்கில் பயனில்லை என்று நான் சொல்லவில்லை. அவற்றில் பொதுவாகச் சேர்க்கப்படும் கோலின், ஈரலில் தேங்கும் கொழுப்பை வெளியே அனுப்ப உதவுகிறது. விற்றமின் ஈ, கெட்டுப்போன கொழுப்பு கலங்களைச் சிதைப்பதைக் குறைக்கிறது. தீவனத்தில் இவை போதாவிட்டால் டொனிக் கைகொடுக்கும். ஆனால் கெட்ட தீவனத்தையே தினமும் போட்டுக்கொண்டு டொனிக் கொடுப்பது, தோணியின் ஓட்டையை அடைக்காமல் தண்ணீர் இறைப்பது போன்றது.

2021இல் இறக்குமதித் தேங்காய் எண்ணெய் சர்ச்சையின்போது அஃப்லடொக்சின் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது சிலவகைப் பூஞ்சணங்கள் உருவாக்கும் நஞ்சு. அது தாக்கும் முதல் உறுப்பு ஈரல். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பண்ணைகளில் ட்ரவுட் மீன்களுக்குப் பெருமளவில் ஈரல் புற்றுநோய் வந்தது. தீவனத்தில் கலந்த பருத்திக்கொட்டைப் புண்ணாக்கிலிருந்த இந்த நஞ்சே அதற்குக் காரணம் எனப் பின்னர் தெரியவந்தது.

"மூணு மூடை கிடக்கு தம்பி. வெயில்ல காயப்போட்டுக் குடுத்தா என்ன?"

காயவைத்தால் ஈரம் போகும். உருவான நஞ்சு போய்விடும் என்று நம்ப முடியாது. எல்லாப் பூஞ்சணமும் நஞ்சை உருவாக்குவதில்லை. ஆனால் எது நஞ்சு என்பதைக் கண்ணால் பார்த்துப் பிரிக்கவும் முடியாது.

"அப்ப கோழிக்காவது போடலாமா?"

1960இல் இங்கிலாந்தில் சுமார் ஒரு இலட்சம் வான்கோழிகள் இறந்தது, இந்த நஞ்சு கலந்த நிலக்கடலைப் புண்ணாக்கைத் தின்றுதான் என்றேன். அவர் மௌனமானார். மீன் வளர்ப்பில் பெரும் செலவு தீவனத்துக்கே என்பதால் அவரது வேதனை எனக்குப் புரிந்தது. மூன்று மூடைகளையும் புதைத்தோம்.

மீன் வளர்க்கும் சகோதரர்களே, மூடைகளைப் பலகை மேல், சுவரில் படாமல் அடுக்குங்கள். சில வாரங்களுக்குத் தேவையானதை மட்டும் வாங்குங்கள். பழையதை முதலில் முடியுங்கள். சில நிமிடங்களில் தின்று முடிக்கும் அளவே போடுங்கள். இவ்வளவும் செய்த பிறகும் ஈரல் வெளிறினால், அப்போது டொனிக்கைப் பற்றி யோசிக்கலாம்.