கேக்கிற்கு ஏற்ற மணம் நுரையீரலுக்கும் ஏற்குமா?

இங்கிலாந்தில் பணிபுரியும் மகனின் இல்லத்தில் மூன்று மாதம் தங்கித் திரும்பிய தாயார் ஒருவர், அண்மையில் நம்மிடம் ஓர் ஐயத்துடன் வந்தார். மகன் சிகரெட்டை விட்டு மின்சிகரெட்டுக்கு மாறிவிட்டாராம். அதற்குரிய திரவத்தை வீட்டிலேயே கலக்கிறாராம். ஸ்ட்ராபெரி, வெனிலா என்றெழுதிய சிறு புட்டிகள் அடுப்பங்கரை அலமாரியில் கேக் எசன்சுக்குப் பக்கத்திலேயே நிற்கின்றனவாம். "கேக்கில் போட்டுத் தின்பதுதானே சாமி, மூச்சில் இழுத்தால் மட்டும் என்ன?" என்றார். பேரனுக்கு இரண்டு வயது என்பதையும் போகிறபோக்கில் சொன்னார்.

நம் நாட்டில் 2019-ஆம் ஆண்டுச் சட்டம் மின்சிகரெட்டின் தயாரிப்பையும் விற்பனையையும் தடை செய்துவிட்டது. பிரிட்டனில் அவ்வாறில்லை. ஆயினும் நிக்கோட்டின் கலந்த திரவம் 10 மில்லிலிட்டர் புட்டியில்தான் விற்கப்பட வேண்டும். ஒரு மில்லிலிட்டரில் 20 மில்லிகிராமுக்கு மேல் நிக்கோட்டின் கூடாது. ஆதலால் நிக்கோட்டின் இல்லாத மணத் திரவம் 50 மில்லிலிட்டர் வாங்கி, 18 மில்லிகிராம் வீரியமுள்ள சிறு புட்டி ஒன்றை அதில் ஊற்றிக் குலுக்குவர். கலவையின் வீரியம் 3 மில்லிகிராமாக இறங்கும். வேறு சிலர் புரோப்பிலீன் கிளைக்காலையும் கிளிசரினையும் தனித்தனியே வாங்கி, மணச்சாற்றைத் தராசில் நிறுத்துச் சேர்ப்பர். கிளிசரின் கெட்டியாதலால் எளிதில் கலவாது. வெயிலும் காற்றும் பட்டால் நிக்கோட்டின் நிறம் மாறிக் கெடும். எனவே பழுப்புக் கண்ணாடிப் புட்டியில், குளிர்ந்த இருட்டில் வைப்பர். நம் வீட்டு ஊறுகாய்ப் பக்குவத்திற்குக் குறைந்ததன்று இது!

தாயாரின் வினாவுக்கு வருவோம். உண்ணத் தகுந்தது என்ற சான்று வயிற்றுக்கு மட்டுமே உரியது. வயிறும் கல்லீரலும் பக்குவப்படுத்தும் பொருளை நுரையீரல் நேரடியாக ஏற்கிறது. வெண்ணெய் மணம் தரும் டைஅசிட்டைல் என்ற பொருளை உண்டவர்க்குக் கேடில்லை. ஆனால், அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் சோளப்பொரி ஆலை ஒன்றில் அதன் ஆவியைச் சுவாசித்த எட்டுத் தொழிலாளருக்கு மூச்சுச் சிறுகுழல்கள் தழும்பேறி அடைபட்டமை 2000-ஆம் ஆண்டு தெரிய வந்தது. அந்நோய்க்கு மீட்சியில்லை. எண்ணெய் கலந்த எசன்சோ நுரையீரலில் படிந்து ஒருவகை நிமோனியாவையே உண்டாக்கும். 2019-இல் அமெரிக்காவில் நிகழ்ந்ததும் இதை ஒத்ததே. கஞ்சாச் சத்து கலந்த திரவங்களைக் கெட்டிப்படுத்தச் சேர்த்த வைட்டமின் ஈ அசிட்டேட்டே முதன்மைக் காரணம் எனப்பட்டது; 2020 பிப்ரவரிக்குள் 2,807 பேர் மருத்துவமனை சேர்ந்தனர், 68 பேர் மாண்டனர்.

ஆயினும் நம் உள்ளத்தை உறுத்தியது அந்த அலமாரிதான். நியூயார்க் மாநிலத்தில் 2014 டிசம்பரில் ஒரு வயதுக் குழந்தை நிக்கோட்டின் திரவத்தை உட்கொண்டு இறந்தது. பழமணம் வீசும் புட்டியை மழலை எவ்வாறு அறியும்? பிள்ளைகள் திறக்கவியலாத மூடி வேண்டுமென அங்கே 2016-இல் சட்டம் வந்தது. ஆனால் வீட்டில் கலந்து வேறு புட்டியில் ஊற்றுகிறவருக்கு அம்மூடி ஏது, எச்சரிக்கைச் சீட்டு ஏது? தோலில் சிந்தினாலும் நிக்கோட்டின் உடலுள் இறங்கும். கையுறை வேண்டும், உடனே கழுவ வேண்டும்.

இவற்றை எல்லாம் சொல்லி, அன்றே மகனுக்குத் தொலைபேசும்படி தாயாரை அனுப்பினோம். மறு ஞாயிறு திருப்பலி முடிந்து வந்தார். புட்டிகள் பூட்டிய பெட்டிக்குள் போய்விட்டனவாம். மகன் அந்தக் குழலை விட்டுவிட்டாரா என்று நாம் கேட்கவில்லை; அவரும் சொல்லவில்லை.