வயதான குதிரைக்கு எது கருணை?

நமது சங்கத்தின் மாதக் கூட்டம் முடிந்து காப்பி அருந்திக்கொண்டிருந்தபோது அன்பர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "டாக்டர், மும்பையில் விக்டோரியா வண்டி ஓடக்கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். வண்டி பழைய இரும்புக்குப் போயிருக்கும். குதிரை எங்கே போயிற்று?" பக்கத்தில் இருந்தவர், "கிழட்டுக் குதிரையை ஊசி போட்டு அனுப்பிவிடுவார்கள். அதுதான் அதற்கும் நல்லது" என்றார். இன்னொருவருக்குக் கோபம் வந்துவிட்டது. "வாழ்நாளெல்லாம் உழைத்த ஜீவனைக் கொல்வதா? பாஞ்சராபோலில் விட்டால் போகிறது" என்றார்.

நான் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு மகாராஷ்டிரத்துக்குப் பிழைக்க வந்தவன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் குதிரை லாயங்களில் கழித்திருக்கிறேன். இரண்டு அன்பர்கள் சொன்னதிலும் பாதி நியாயம் இருக்கிறது. மீதிப் பாதியைக் காப்பி ஆறுவதற்குள் சொல்லிவிட முடியாது என்பதால் இந்தக் கட்டுரை.

கைமாறும் வாழ்க்கை

நன்றாகப் பராமரித்தால் குதிரை 25 முதல் 30 ஆண்டுகள் வரை வாழும். பந்தயக் குதிரையின் ஓட்டமோ பெரும்பாலும் ஏழு, எட்டு வயதுக்குள் முடிந்துவிடும். ஆக, அதன் ஆயுளில் முக்கால் பங்கு பந்தயத்துக்குப் பிந்தையது. கொஞ்சம் அதிர்ஷ்டமுள்ளவை சவாரிப் பள்ளிக்கோ இனவிருத்திப் பண்ணைக்கோ போகும். சில, பாம்புக்கடிக்கு மருந்து தயாரிக்கும் நிலையங்களுக்குப் போகும். மற்றவை கல்யாண ஊர்வலத்துக்கும், மலைவாசஸ்தலச் சவாரிக்கும், டோங்காவுக்கும், செங்கல் சூளைக்கும் என்று படிப்படியாக இறங்கும். ஒவ்வொரு படியிலும் விலை குறையும், தீவனம் குறையும், வேலை கூடும்.

2015 ஜூன் மாதம் பம்பாய் உயர் நீதிமன்றம், உல்லாசச் சவாரிக்கு விக்டோரியா வண்டிகளை ஓட்டுவது சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. ஓர் ஆண்டுக்குள் நிறுத்த வேண்டும், அதை நம்பியிருந்தவர்களுக்கு மறுவாழ்வுத் திட்டம் வகுக்க வேண்டும் என்றும் சொன்னது. 2021-இல் குதிரையில்லாமல் மின்சாரத்தில் ஓடும் விக்டோரியா வண்டிகள் அறிமுகமாயின. தீர்ப்பு நியாயமானதே. ஆனால் வண்டியிலிருந்து அவிழ்த்துவிடுவதோடு ஒரு குதிரையின் கதை முடிவதில்லை. 400 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 8 கிலோ உலர்தீவனமும், 25 லிட்டருக்குக் குறையாமல் தண்ணீரும் வேண்டும். வருமானம் நின்ற மறுநாளும் அதற்குப் பசிக்கும்.

முதுமை ஒரு நோயல்ல

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்போம். குதிரைக்கும் பல்தான் வயதைச் சொல்லும். இளம் குதிரையின் கடைவாய்ப் பல் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் நீளமிருக்கும். அதில் பெரும்பகுதி எலும்புக்குள் மறைந்திருக்கும். மேலே தேயத் தேய, ஆண்டுக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் வீதம் உள்ளிருந்து வெளியே வரும். 25 வயதைத் தாண்டும்போது இருப்பு தீர்ந்துவிடும். குதிரை புல்லை மெல்லும், ஆனால் விழுங்க முடியாமல் உருண்டை உருண்டையாகக் கீழே துப்பும். விலா எலும்பு தெரியும். பார்ப்பவர்கள், "பாவம், கடைசிக் காலம் வந்துவிட்டது" என்பார்கள்.

வரவில்லை! பல்லின் கூர்முனைகளை ராவிவிட்டு, தவிட்டையும் வேகவைத்த கொள்ளையும் நறுக்கிய புல்லையும் தண்ணீரில் ஊறவைத்துக் கூழாகக் கொடுத்தால் பல குதிரைகள் மூன்று நான்கு மாதத்தில் தேறிவிடும். மூட்டுவலிக்கு மருந்து உண்டு. கோடையிலும் உதிராத நீண்ட ரோமம் வளர்ந்தால், அது மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியின் கோளாறாக இருக்கலாம். அதையும் மருந்தால் கட்டுக்குள் வைக்கலாம். "வயதாகிவிட்டது, ஊசி போடுங்கள்" என்று கூப்பிட்ட இடங்களில், ஊசிக்குப் பதில் ஒரு அரத்தையும் ஒரு வாளி கூழையும் பரிந்துரைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

எப்போது வழியில்லை?

எல்லாக் குதிரைகளுக்கும் அப்படிச் சொல்ல முடியாது. குதிரை நின்றுகொண்டே தூங்கும், அதன் கால்மூட்டுகள் பூட்டிக்கொள்ளும் அமைப்புடையவை. ஆழ்ந்த உறக்கத்துக்கு மட்டும் சிறிது நேரம் படுக்கும். படுத்த குதிரையால் எழுந்திருக்க முடியாமல் போவதுதான் ஆபத்து. உடலின் எடையே அதன் தசைகளையும் நுரையீரலையும் அழுத்தும். ரத்த ஓட்டம் தடைபட்டுத் தசை அழுகத் தொடங்கும். மணிக்கணக்கில் உதைத்து உதைத்துத் தலையைத் தரையில் மோதிக்கொள்ளும்.

கால் முறிவும் அப்படியே. மனிதனைப்போல் மாதக்கணக்கில் படுத்திருக்கக் குதிரையால் முடியாது. முழங்காலுக்குக் கீழே தசை கிடையாது. எலும்பு, தசைநார், தோல் அவ்வளவுதான். ஆகவே ரத்த ஓட்டம் குறைவு, எலும்பு கூடுவது கடினம். பாரம் மற்றக் கால்களுக்கு மாற, அந்தக் குளம்புகளுக்குள் அழற்சி உண்டாகி, எலும்பு குளம்பிலிருந்து பிரியத் தொடங்கும். அமெரிக்காவில் 2006-இல் கென்டக்கி டெர்பி வென்ற பார்பரோ என்ற குதிரைக்கு அடுத்த பந்தயத்தில் கால் முறிந்தது. எட்டு மாதம் மிகச் சிறந்த மருத்துவம் செய்தார்கள். கடைசியில் இந்தக் குளம்பு அழற்சியால் 2007 ஜனவரியில் அதன் உயிரை முடிக்க வேண்டியதாயிற்று.

நம் நாட்டில் சக்திமானை மறந்திருக்க மாட்டீர்கள். 2016 மார்ச்சில் டேராடூனில் ஓர் ஆர்ப்பாட்டத்தின்போது இந்தப் போலீஸ் குதிரையின் பின்னங்கால் முறிந்தது. காலை எடுத்துவிட்டுச் செயற்கைக் கால் பொருத்தினார்கள். நாடே பிரார்த்தித்தது. ஐந்து வாரம் போராடி, ஏப்ரல் 20-ஆம் தேதி அது இறந்தது. முதல் நாளே அமைதியாக முடித்திருக்கலாம் என்றார்கள் சிலர். முயன்று பார்த்ததுதான் தர்மம் என்றார்கள் சிலர். இரு தரப்பாரும் அன்பினால்தான் பேசினார்கள்.

சபர்மதியில் ஒரு கன்று

இந்த விவாதம் நமக்குப் புதிதல்ல. 1928-இல் சபர்மதி ஆசிரமத்தில் ஒரு கன்றுக்குட்டி, காப்பாற்ற முடியாத நிலையில் வேதனைப்பட்டுக் கிடந்தது. ஆசிரமவாசிகளுடன் கலந்து பேசிய பிறகு, காந்தியடிகள் தம் முன்னிலையிலேயே ஒரு மருத்துவரைக் கொண்டு விஷ ஊசி போடச் செய்தார். அகிம்சையின் ஆசானே கோவின் கன்றைக் கொல்லச் சொன்னாரா என்று கண்டனக் கடிதங்கள் குவிந்தன. அவர் பின்வாங்கவில்லை, தம் பத்திரிகைகளில் வாதாடினார்.

அவர் வகுத்த நிபந்தனைகள் நான்கு. நோய் தீராததாக இருக்க வேண்டும். பிழைக்கும் என்ற நம்பிக்கையைச் சம்பந்தப்பட்ட எல்லோரும் இழந்திருக்க வேண்டும். எந்த உதவியும் சேவையும் பயன்படாத நிலையாக இருக்க வேண்டும். அந்த ஜீவன் தன் விருப்பத்தைத் தெரிவிக்க இயலாததாக இருக்க வேண்டும்.

மூன்றாவது நிபந்தனையைக் கவனியுங்கள். பல் தேய்ந்த குதிரைக்குக் கூழ் கொடுக்கும் சேவை பாக்கியிருக்கிறது. அதற்கு ஊசி போடுவது கருணையல்ல, சிக்கனம். குடல் முறுக்கிக்கொண்டு வியர்த்துப் புரளும் கிழக் குதிரைக்கு, அறுவைச் சிகிச்சைக்கும் வழியில்லாதபோது, செய்ய வேறு சேவை இல்லை. அதை விட்டுவைப்பதும் அகிம்சையாகாது. இத்தனை ஆண்டுகளில் இதைவிடத் தெளிவான அளவுகோல் எனக்குக் கிடைக்கவில்லை.

கெய்ரோவும் அமெரிக்காவும்

முதல் உலகப் போர் முடிந்ததும் பிரிட்டிஷ் ராணுவம் தன் குதிரைகளில் ஆயிரக்கணக்கானவற்றை எகிப்திலேயே விற்றுவிட்டுப் போனது. 1930-இல் கெய்ரோவுக்கு வந்த டாரதி புரூக் என்ற ராணுவ அதிகாரியின் மனைவி, அந்தக் குதிரைகள் கண் குருடாகி, எலும்பும் தோலுமாய்த் தெருக்களில் பாரம் இழுப்பதைக் கண்டார். லண்டன் பத்திரிகைக்குக் கடிதம் எழுதி நிதி திரட்டி, சில ஆண்டுகளில் ஏறக்குறைய 5,000 குதிரைகளை விலைகொடுத்து வாங்கினார். எதற்கு? பெரும்பாலானவற்றை அமைதியாகச் சாகவிடத்தான்! அதற்குமுன் வைக்கோல் படுக்கையும், வயிறார உணவும், ஓய்வும் கொடுத்தார். 1934-இல் அவர் அங்கே நிறுவிய இலவச மருத்துவமனையிலிருந்து வளர்ந்த அமைப்பு இந்தியாவிலும் பணியாற்றி வந்திருக்கிறது.

அமெரிக்க அனுபவம் வேறு பாடம். அங்கே கடைசிக் குதிரை இறைச்சிக்கூடங்கள் 2007-இல் மூடப்பட்டன. ஆனால் கிழக் குதிரையை வைத்து என்ன செய்வது என்பதற்கு யாரும் ஏற்பாடு செய்யவில்லை. விளைவு, 2010-இல் மட்டும் ஏறத்தாழ 1,38,000 குதிரைகள் மெக்ஸிகோவுக்கும் கனடாவுக்கும் நெடுந்தூரம் லாரிகளில் அடைத்து, வெட்டுவதற்கே அனுப்பப்பட்டன. கதவை மூடினால் போதாது, மாற்று வழியைத் திறக்கவும் வேண்டும்.

பாஞ்சராபோலில் விட்டால் போதாதா?

பாஞ்சராபோல் இந்தப் பக்கத்து மக்களின் உயர்ந்த மரபு. மும்பை புலேஷ்வரில் இருப்பது 1834-இல் தொடங்கியது. ஆனால் பசுவைப் பேணுவது வேறு, குதிரையைப் பேணுவது வேறு. குளம்பைச் சில வாரங்களுக்கொரு முறை சீவ வேண்டும், பல்லைப் பார்க்க வேண்டும், தீவனம் மாறினாலே வயிறு கெடும். ஆளும் பணமும் இல்லாமல் வாசலில் இறக்கிவிட்டுப் போவது தானமல்ல, பொறுப்பை மாற்றுவது. குதிரையைக் கொடுப்பவர் அதன் தீவனச் செலவில் ஒரு பங்கையும் மாதாமாதம் கொடுக்க வேண்டும்.

சட்டமும் முறையும்

1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி, வயதாலோ நோயாலோ தகுதியிழந்த பிராணியிடம் வேலை வாங்குவதும், காரணமின்றிக் கைவிடுவதும், தேவையற்ற கொடூர முறையில் கொல்வதும் குற்றம். முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய்! ஒரு வேளைக் கொள்ளுக்குக்கூடக் காணாது. அதே சட்டத்தின் 13-ஆவது பிரிவு, உயிரோடு வைத்திருப்பதே கொடுமை என்ற நிலையிலுள்ள பிராணியின் வேதனையை முடிக்க வழிசெய்கிறது. உரிமையாளர் இல்லாவிட்டாலோ மறுத்தாலோ, போலீஸ் அதிகாரி கால்நடை மருத்துவரை அழைத்து, அவருடைய சான்றிதழின் பேரில் மாஜிஸ்திரேட்டின் உத்தரவைப் பெறலாம்.

முறையாகச் செய்தால், முதலில் மயக்க மருந்து கொடுத்து அமைதிப்படுத்துவார்கள். பிறகு கழுத்து நரம்பில் அதிக அளவு உணர்விழப்பு மருந்தைச் செலுத்துவார்கள். சில நிமிடங்களில் முடிந்துவிடும். நினைவோடிருக்கும் பிராணிக்கு மெக்னீசியம் சல்பேட், பொட்டாசியம் குளோரைடு போன்றவற்றை ஏற்றுவது கொடுமை, அதை அனுமதிக்கக் கூடாது. மருந்து ஏறிய உடலை நாயோ கழுகோ தின்றால் அவையும் சாகும். ஆகவே ஆழமாகப் புதைக்க வேண்டும்.

மூன்று நாள்

சில ஆண்டுகளுக்கு முன் புறநகர் லாயம் ஒன்றில், கல்யாண ஊர்வலங்களுக்குப் போய்வந்த ஒரு வெள்ளைப் பெண்குதிரை படுத்துவிட்டது. வயது 26 இருக்கும். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. இனி எழாது என்பது பார்த்தவுடனே தெரிந்தது. குதிரைக்காரரிடம் சொன்னேன். "மாலிக்கைக் கேட்காமல் நான் எப்படிச் சொல்ல முடியும், டாக்டர் சாப்?" என்றார். மூன்று மாதத்துக்கு முன் வாங்கியவர் தொலைபேசியை எடுக்கவில்லை. விற்றவர், "அது இப்போது என் குதிரையில்லை" என்றார். காவல் நிலையத்தில் எழுதிக்கொடுத்தேன். வலிக்கு மருந்து கொடுத்தேன். குதிரைக்காரர் இரவெல்லாம் அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். உத்தரவு வருவதற்கு முன், மூன்றாம் நாள் விடியற்காலையில் அது செத்தது.

அந்தக் குதிரைக்கு அன்பு காட்ட ஆள் இருந்தார், மருந்து இருந்தது, சட்டமும் இருந்தது. முடிவெடுக்க உரிமையாளர்தான் இல்லை. கொல்லலாமா கூடாதா என்று நாம் வாதிடுகிறோம். பெரும்பாலான கிழக் குதிரைகள் அந்த வாதம் எட்டும் இடத்திலேயே இல்லை. விற்று விற்றுக் கைமாறி, கடைசி நாளில் யாருக்கும் சொந்தமில்லாமல் சாகின்றன. குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம் என்பது நம் பழமொழி. உண்மையில் மனிதன்தான் குதிரையைத் தள்ளிவிட்டு, குழிகூடப் பறிக்காமல் போகிறான்.

நாம் என்ன செய்யலாம்?

கல்யாணத்துக்குக் குதிரை வேண்டுமென்றால் வாடகை பேசுமுன் அது நொண்டுகிறதா, முதுகில் புண் இருக்கிறதா என்று பாருங்கள். மலைவாசஸ்தலத்தில் கனமான ஆள் கிழக் குதிரையில் ஏற வேண்டாம். தெருவில் குதிரை விழுந்து கிடந்தால் சுற்றிக் கூட்டம் போடாமல், நிழலும் தண்ணீரும் கொடுத்து, போலீசாருக்கும் பிராணி மருத்துவமனைக்கும் சொல்லுங்கள். மும்பையில் பரேலில் உள்ள பிராணிகள் மருத்துவமனை எல்லோருக்கும் தெரிந்ததே. வாலைப் பிடித்துத் தூக்கிவிடப் பார்க்காதீர்கள்.

நம் குடும்பங்களில் சவாரி கற்கும் பிள்ளைகள் இப்போது அதிகம். அந்தப் பள்ளியில் ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: "இந்தக் குதிரைக்கு வயதானால் எங்கே போகும்?" நேரான பதில் வந்தால் அது நல்ல பள்ளி. "விற்றுவிடுவோம்" என்றால் யாருக்கு என்று கேளுங்கள். சம்பாதித்துக் கொடுத்த காலத்திலேயே கடைசிக் காலத்துக்கு ஒரு தொகையை ஒதுக்கிவைத்து, யார் பொறுப்பு என்று எழுதிவைப்பவருக்குத்தான், வேறு வழியே இல்லாத நாளில் அந்த ஊசியைக் கேட்கும் தகுதி உண்டு என்பது என் அபிப்பிராயம்.